மியூஸ்ஸ்கோரில் கிரெசெண்டோ, டிமினுயெண்டோ குறிகளை ஒழுங்காக அமைப்பது எப்படி?

மியூஸ்ஸ்கோர் என்பது ஸ்கோர் (இசைக் குறிப்பு) எழுதும் மென்பொருள். கிரெசெண்டோ என்றால் சத்தம் படிப்படியாகக் கூடுவது, டிமினுயெண்டோ என்றால் குறைவது. நீங்கள் கேட்டிருப்பதில் மூன்று தொல்லைகள் இருக்கின்றன. கிரெசெண்டோவைச் சுருக்கி ‘கிரெஸ்.’ என்று எழுதிய இடத்தில் பிளேபேக்கில் (மென்பொருள் வாசித்துக் காட்டும்போது) சத்தம் கூடவில்லை. கோடு அடுத்த வரிக்குப் போனால் அடைப்புக்குறிக்குள் அதே சொல் மறுபடி வருகிறது. பக்கத்துக்குப் பக்கம் கோடுகளின் நீளமும் உயரமும் மாறுகின்றன. எங்கள் சர்ச் பாடகர் குழுவுக்கு நாலு குரல் ஸ்கோர்களை மியூஸ்ஸ்கோர் 4-இல் தட்டச்சு செய்கிறவள் நான். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

முதல் தொல்லைக்குக் காரணம், நீங்கள் ‘கிரெஸ்.’ என்பதை ஸ்டாஃப் டெக்ஸ்டாக (ஸ்டாஃப் எனும் ஐந்து கோடுகளின் பக்கத்தில் எழுதும் சாதாரணக் குறிப்பாக) அடித்திருப்பது. மென்பொருளுக்கு அது ‘மெதுவாக’, ‘மூச்சு விடவும்’ மாதிரி வெறும் எழுத்து. எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று அதற்குத் தெரியாது. அதை அழித்துவிட்டு, எந்த நோட்டிலிருந்து எந்த நோட் வரை ஏற வேண்டுமோ அத்தனையையும் தேர்ந்தெடுங்கள். பிறகு குறிகளின் பட்டியலான பேலட்டில் ‘கிரெஸ்.’ என்ற சொல்லும் விட்டுவிட்டு வரும் கோடும் சேர்ந்து இருக்கும் குறியைச் சொடுக்குங்கள். சொல்லுக்குப் பதில் ‘<’, ‘>’ வடிவில் நீளும் வாய் திறந்த ஹேர்பின்தான் வேண்டுமென்றால் பேலட்டே தேவையில்லை: நோட்டுகளைத் தேர்ந்தெடுத்து ஷிஃப்டோடு கமா அடித்தால் கிரெசெண்டோ, ஷிஃப்டோடு முற்றுப்புள்ளி அடித்தால் டிமினுயெண்டோ.

முடியும் இடத்தில் ஃபோர்ட்டேயோ (சத்தமாக) மெஸ்ஸோ ஃபோர்ட்டேயோ (ஓரளவு சத்தமாக) ஒன்றைக் கட்டாயம் போடுங்கள். அது இல்லாவிட்டால் எவ்வளவு ஏற வேண்டும் என்று மென்பொருளுக்கும் தெரியாது, பாடுகிறவருக்கும் தெரியாது. வெளியிலிருந்து எங்களுக்கு வந்த ஒரு ஸ்கோரில் எட்டு பார் (தாளக் கட்டம்) நீளத்துக்கு ஹேர்பின், முடிவில் ஒன்றுமே இல்லை. டெனர்கள் நாலாவது பாரிலேயே உச்சத்துக்குப் போய்விட்டார்கள். ஆல்டோ பக்கம் இருந்து “அக்கா, இது எதுவரைக்கும்?” என்று கேள்வி. நியாயமான கேள்விதான்.

நீளத்தை மாற்ற சுட்டியைப் பிடித்து இழுக்காமல் கீபோர்டைப் பயன்படுத்துங்கள். கோட்டின் முனையில் தெரியும் சின்னக் கைப்பிடியைத் தேர்ந்தெடுத்து ஷிஃப்டோடு வலது அம்பை அழுத்தினால் முனை அடுத்த நோட்டோடு போய் ஒட்டிக்கொள்ளும். வெறும் அம்பு மட்டும் அழுத்தினால் கோடு கண்ணுக்குத்தான் நகரும், ஒட்டியிருக்கும் நோட் மாறாது. உங்கள் கோடுகள் தாறுமாறாக இருப்பதற்குப் பாதிக் காரணம் இதுவாகத்தான் இருக்கும். கையால் நகர்த்தி அழகுபடுத்தியதெல்லாம், நடுவில் ஒரு பார் சேர்த்ததும் இடம் பிசகிவிடும்.

அடைப்புக்குறி விஷயம் பிழை இல்லை. அடுத்த வரியில் பாடுபவர் ‘இன்னும் ஏறிக்கொண்டுதான் இருக்கிறோம்’ என்று தெரிந்துகொள்ளத்தான் அந்த நினைவூட்டல். வேண்டாமென்றால் கோட்டைத் தேர்ந்தெடுத்து எஃப்8 அழுத்துங்கள், பிராப்பர்டீஸ் பேனல் வரும். அங்கே எழுத்துக்கான பகுதியில் தொடக்கத்துக்கும், புது வரிக்குத் தொடரும்போதும், முடிவுக்கும் தனித்தனிக் கட்டங்கள் உண்டு. நடுக் கட்டத்தைக் காலி செய்தால் போதும். தொடக்கக் கட்டத்தில் ‘கிரெஸ். போக்கோ ஆ போக்கோ’ (கொஞ்சம் கொஞ்சமாக) என்று முழுசாகவும் எழுதலாம், பிளேபேக் கெடாது. ஆனால் நான் அடைப்புக்குறியை எடுப்பதில்லை. பக்கம் திரும்பும் இடத்தில் அது பெரிய உதவி.

எல்லாவற்றையும் ஒரே தோற்றத்துக்குக் கொண்டுவர, ஒரு கோட்டின் மேல் வலது சொடுக்குப் போட்டு, செலக்ட் மெனுவில் அதே மாதிரி உள்ளவற்றை மொத்தமாகப் பிடித்து பிராப்பர்டீஸில் ஒரே தடவையில் மாற்றுங்கள். ஹேர்பின் எவ்வளவு வாய் திறக்க வேண்டும், கோடு எவ்வளவு தடிமன் போன்றவற்றுக்கு ஃபார்மட் மெனுவின் ஸ்டைல் சாளரம். அடுத்த வரிக்குத் தொடரும் ஹேர்பின் கூர்முனையிலிருந்து மறுபடி தொடங்காமல் கொஞ்சம் திறந்தே தொடங்கும். அந்த அளவும் அங்கேதான் இருக்கிறது. திருப்தியானதும் அதே மெனுவில் சேவ் ஸ்டைல் கொடுத்து வைத்தால், அடுத்த ஸ்கோரில் லோட் செய்துகொள்ளலாம்.

சொல்லா, ஹேர்பினா? என் கணக்கு: இரண்டு மூன்று பாருக்குள் என்றால் ஹேர்பின், அதற்கு மேல் என்றால் சொல்லும் கோடும். நீளமான ஹேர்பினின் முதல் பாதி இரண்டு இணைகோடு மாதிரி தெரியும், ஏறுகிறதா இறங்குகிறதா என்று ஒரு பார்வையில் பிடிபடாது. ரொம்பக் குட்டியாக இருந்தாலும் ஆபத்து. ஒரே நோட்டின் மேல் வரும் டிமினுயெண்டோ ஆக்சென்ட் குறி (நோட்டை அழுத்தச் சொல்வது) மாதிரியே இருக்கும். இசையமைப்பாளர் ஷூபர்ட் ஆக்சென்ட்டை நீட்டி நீட்டி எழுதிவைத்ததால், அவருடைய ‘கிரேட்’ சி மேஜர் சிம்ஃபொனியின் கடைசி நோட்டை அழுத்தி முடிப்பதா அடங்கி முடிப்பதா என்று கண்டக்டர்கள் இன்னும் ஆளுக்கொரு பக்கம் நிற்கிறார்கள்.

பாட்டு ஸ்கோர் என்றால் இன்னொன்று. பாடல் வரிகள் ஸ்டாஃபுக்குக் கீழே ஓடுவதால் டைனமிக்ஸ் (சத்த அளவுக் குறிகள்) மேலே இருப்பதுதான் வழக்கம். குறியைத் தேர்ந்தெடுத்து எக்ஸ் விசையை அழுத்தினால் மேலே போய்விடும். பியானோவுக்கு இரண்டு ஸ்டாஃபுக்கும் நடுவில் வைப்பார்கள்.

டோரிகோ, சிபெலியஸ் என்று வேறு ஸ்கோர் மென்பொருள்களும் உண்டு. டோரிகோவில் இதே வேலை இன்னும் சுலபம். ஷிஃப்டோடு டி அழுத்தி வரும் பெட்டியில் எழுதினாலே போதும், ஹேர்பினைச் சொல்லாக மாற்ற அழித்துப் போட வேண்டியதில்லை. சிபெலியஸில் ஹெச் கிரெசெண்டோ, ஷிஃப்டோடு ஹெச் டிமினுயெண்டோ. ஆனால் இலவசமாகக் கிடைக்கும் மியூஸ்ஸ்கோரை விட்டுப் போக இது ஒரு காரணமாக எனக்குத் தோன்றவில்லை.

கடைசியாக, ஒவ்வொரு குரலுக்கும் தனித்தனி பார்ட் எடுத்துப் பிரின்ட் போடுவதாக இருந்தால் ஒவ்வொரு பார்ட்டையும் திறந்து பாருங்கள். முழு ஸ்கோரில் மாற்றிய ஸ்டைல் பார்ட்டுகளுக்குத் தானாகப் போகாது. ஒரு பார்ட்டில் ஸ்டைல் சாளரத்தைத் திறந்து சரிசெய்து, கீழே இருக்கும் ‘எல்லா பார்ட்டுகளுக்கும்’ என்ற பொத்தானை அழுத்த வேண்டும்.