கோத்தகிரியில் ஒரு மாநிலக் கூடுகை: வாசகர் கேள்வி – பதில்

கிராம சபை, தகவல் அறியும் உரிமை, வாக்காளர் பட்டியல் சரிபார்ப்பு ஆகிய பணிகளில் ஈடுபட்டுவரும், எந்தக் கட்சியையும் சாராத தன்னார்வக் குழு ஒன்று தன் முதல் மாநிலக் கூடுகையைக் கோத்தகிரியில் நடத்த விரும்புகிறது. அதன் நீலகிரி உறுப்பினர்களும் பிற மாவட்டங்களைச் சேர்ந்தவர்களும் தனித்தனியே அனுப்பிய கேள்விகளை இந்த இதழில் ஒன்றாக எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: இரண்டு நாள் கூடுகையை மே மாதத்தில் நடத்தலாம் என்று எங்களில் பலர் கருதுகிறோம். பள்ளிகளுக்கு விடுமுறை, குளிரும் குறைவாக இருக்கும். தங்கள் கருத்து என்ன?
– வாசகி, கோத்தகிரி

பதில்: மே மாதம் வேண்டாம். தங்களுக்கு வசதியாகத் தோன்றும் அதே விடுமுறையில்தான் சமவெளியில் பாதிப் பேர் மலையேறுகிறார்கள். சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்குள் வரும் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயமாயிற்று; 2025ஆம் ஆண்டுக் கோடையில் ஏப்ரல் முதல் ஜூன் வரை வார நாள்களில் 6000, வார இறுதி நாள்களில் 8000 வாகனங்கள் என்ற வரம்பையும் நீதிமன்றம் விதித்தது. சீசன் நாள்களில் குன்னூர் சாலையை ஏறுவதற்கும் கோத்தகிரி சாலையை இறங்குவதற்கும் ஒருவழிப் பாதைகளாக மாற்றுவது வழக்கம் என்பதைத் தாங்களே அறிவீர்கள். விடுதி வாடகையோ எளிய தன்னார்வலரின் கைக்கு எட்டாத உயரத்துக்குப் போய்விடும்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் கொட்டிய மழையை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். கோத்தகிரி, குன்னூர்ப் பக்கத்துச் சரிவுகளுக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெரிய அச்சம். 2009 நவம்பரில் நீலகிரியில் ஏற்பட்ட நிலச்சரிவுகள் நாற்பதுக்கும் மேற்பட்டோரின் உயிரைப் பறித்தன. ஆகவே அக்டோபர் முதல் டிசம்பர் வரை நாகப்பட்டினத்திலிருந்தும் கன்னியாகுமரியிலிருந்தும் ஒருவரை இந்த மலைக்கு அழைக்கும் பொறுப்பை எந்தக் குழுவும் ஏற்கக் கூடாது.

பிப்ரவரி இரண்டாம் வாரத்துச் சனி, ஞாயிறு நாள்களை நான் பரிந்துரைக்கிறேன். உறைபனி ஏறக்குறைய விலகியிருக்கும், சாலை காய்ந்திருக்கும், பொதுத்தேர்வுகள் தொடங்கியிரா. தட்பவெப்பத்தைக் காட்டிலும் வலுவான காரணம் ஒன்று உண்டு. தமிழ்நாட்டில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. பிப்ரவரி நடுவில் கூடுபவர்கள், ஜனவரிக் கிராம சபையில் நடந்ததை நினைவு மங்குமுன் பேசலாம். எடுத்த முடிவை மார்ச் 22 அன்று தத்தம் ஊரில் நடைமுறைப்படுத்தலாம். ஆறு வாரத்துக்குள் ஒரு செயல் காத்திருக்கிறது என்று தெரிந்தால் விவாதத்தின் தன்மையே மாறிவிடும். சட்டமன்றத் தேர்தல் ஆண்டாக இருந்தால் மட்டும் இன்னும் முன்கூட்டியோ தேர்தல் முடிந்தோ நடத்துங்கள். தேர்தல் நெருங்கும் வேளையில் எவ்வளவு நேர்மையான கூட்டமும் ஐயத்துக்கு இடமாகும், அரசுக்குச் சொந்தமான அரங்குகளும் கிடைப்பது அரிது.

கேள்வி: ஆயிரம் பேராவது திரண்டால்தான் ஊடகங்கள் திரும்பிப் பார்க்கும் என்று எங்கள் மாவட்ட நண்பர்கள் சொல்கிறார்கள். எத்தனை பேரை அழைக்கலாம்? தொலைவில் இருப்பவர்கள் எப்படி வந்து சேர்வது?
– வாசகர், நாகப்பட்டினம்

பதில்: இருநூறு பேரைத் தாண்ட வேண்டாம். 38 மாவட்டங்களிலிருந்து மாவட்டத்துக்கு நால்வர் என்றால் 152 பேர். அந்த நால்வரில் இருவர் பெண்களாகவும், ஒருவராவது முப்பது வயதுக்கு உட்பட்டவராகவும் இருக்கட்டும். உபசரிக்கும் நீலகிரிக் குழுவினரைச் சேர்த்தாலும் கோத்தகிரியின் அரங்குகளும் விடுதிகளும் தண்ணீரும் தாங்கும் அளவுதான் அது. ஆயிரம் பேர் கூடும் இடத்தில் பத்துப் பேர் பேசுவார்கள், மற்றவர்கள் கைதட்டுவார்கள். அதற்குக் கட்சிகளின் மாநாடுகள் போதும். ஊர்க் குளத்தின் ஆக்கிரமிப்பை எதிர்த்து ஆண்டுக்கணக்கில் மனுக் கொடுத்துவரும் ஒருவர், அதே வேலையை வேறு மாவட்டத்தில் செய்துமுடித்த ஒருவரைச் சந்தித்து, எந்த ஆவணத்தை எந்த அலுவலகத்தில் வாங்கினீர்கள் என்று விரிவாகக் கேட்டறிய முடிகிறதா என்பதை வைத்தே இந்தக் கூடுகையை மதிப்பிட வேண்டும்.

பயணத்தைப் பொறுத்தவரை, மேட்டுப்பாளையத்தை வந்துசேரும் இடமாக வைத்துக்கொள்ளுங்கள். சென்னையிலிருந்து நீலகிரி எக்ஸ்பிரஸ் இரவில் புறப்பட்டு அதிகாலையில் அங்கு வந்துசேர்கிறது. டெல்டா, தென் மாவட்டங்களைச் சேர்ந்தவர்கள் கோயம்புத்தூர் வந்து பேருந்து பிடிக்கலாம். மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி ஏறக்குறைய 33 கிலோமீட்டர். அரசுப் பேருந்தில் வருபவர்களுக்கு இ-பாஸ் தேவையில்லை. வேன் அமர்த்தி வருபவர்கள் அப்போதைய நடைமுறையைப் பார்த்து முன்னதாகவே பதிவு செய்ய வேண்டும். மலை ரயிலில் வரலாமே என்று சிலர் ஆசைப்படுவார்கள். அது குன்னூர் வழியாக உதகைக்குச் செல்வது, கோத்தகிரிக்கு வராது.

சனிக்கிழமை நிகழ்ச்சியை 11 மணிக்கு முன் தொடங்காதீர்கள். ஞாயிறு மதிய உணவோடு முடித்துவிடுங்கள். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்குக் குஞ்சப்பனை வழியாக இறங்கும் பாதை யானைகள் நடமாடும் பாதை. இருட்டிய பின் அதில் எவரையும் அனுப்பக் கூடாது. ரயில் முன்பதிவு 60 நாள்களுக்கு முன் திறப்பதால், டிசம்பர் தொடக்கத்துக்குள் தேதி அறிவிக்கப்பட்டிருக்க வேண்டும்.

கேள்வி: எங்கள் தன்னார்வலர்களில் சிலர் கட்சி உறுப்பினர்கள். அவர்களை என்ன செய்வது? சட்டமன்ற உறுப்பினரையோ அமைச்சரையோ அழைத்தால் காரியங்கள் எளிதாகும் என்றும் சிலர் சொல்கிறார்கள்.
– வாசகர், குன்னூர்

பதில்: கட்சியில் சேர்வது குடிமகனின் உரிமை. கட்சி சாராத குழு என்பதற்காக, கட்சியில் உறுப்பினராக இருக்கும் ஒருவரைக் குளம் தூர்வார வரவேண்டாம் என்று சொல்வது முறையாகாது. பொறுப்புகளில்தான் கோடு போட வேண்டும். கட்சியில் பதவி வகிப்பவர்களும் தேர்தலில் போட்டியிடும் எண்ணம் உடையவர்களும் குழுவின் ஒருங்கிணைப்பாளராகவோ, பொருளாளராகவோ, குழுவின் பெயரால் பேசுபவராகவோ இருக்கக் கூடாது என்பதை எழுத்தில் வைத்து, அழைப்பிதழுடன் எல்லாருக்கும் அனுப்பிவிடுங்கள். கட்சிக் கரை வேட்டி, துண்டு, சட்டைப்பையில் தலைவர் படம் ஆகியவை அரங்குக்குள் வேண்டாம் என்பதையும் அதிலேயே எழுதுங்கள். வாசலில் நின்று ஒருவரைத் தடுப்பதைவிட முன்பே தெரிவித்துவிடுவது இருவருக்கும் மரியாதை.

மேடையில் எந்தத் தலைவரின் படத்தை வைப்பது என்ற சிக்கல் கட்டாயம் எழும். ஒருவர் படம் வைத்தால் இன்னொருவர் படம் ஏன் இல்லை என்று கேட்பார்கள், அந்தக் கேள்வியிலும் நியாயம் இருக்கும். எவர் படமும் இல்லாமல், அரசமைப்புச் சட்டத்தின் முகப்புரையைத் துணியில் எழுதி மாட்டி, அதை எல்லாரும் எழுந்து நின்று வாசித்துத் தொடங்குவதையே நான் விரும்புவேன்.

மக்கள் பிரதிநிதிகளை இந்த முதல் கூடுகைக்கு அழைக்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. ஓர் அமைச்சர் வந்தால் அவர் வரும் நேரத்துக்காக அரங்கம் காத்திருக்கும். சால்வைக்கும் புகைப்படத்துக்கும் ஒரு மணி நேரம் போகும். மறுநாள் செய்தியில் அவர் பேசியது மட்டுமே இருக்கும். எந்தக் கட்சியின் ஆட்சி நடந்தாலும் இதுவே நடக்கும். கிராம ஊராட்சித் தலைவர், வார்டு உறுப்பினர் தேர்தல்கள் கட்சிச் சின்னங்கள் இல்லாமல் நடைபெறுவதை நினைவுகூருங்கள். ஊர்ப் பணியைக் கட்சிக்கு வெளியே வைக்கும் எண்ணம் நம் சட்டத்திலேயே இருக்கிறது. பின்னொரு நாளில் அழைப்பதானால், எல்லாக் கட்சிகளையும் ஒரே நாளில், ஒரே வரிசையில், ஒரே அளவு நேரத்துக்கு, தன்னார்வலர்கள் படிப்பதைக் கேட்டுப் பதில் சொல்வதற்காக அழையுங்கள்.

அரங்கில் அரசைக் குறைகூறாமல் பேச முடியாது, பேசவும் வேண்டும். துறையின் பெயர், கோப்பு எண், தேதி ஆகியவற்றோடு பேசினால் அது கட்சிப் பேச்சாக மாறாது.

கேள்வி: செலவுக்கு ஓர் ஒப்பந்ததாரர் பெருந்தொகை தர முன்வந்திருக்கிறார். வெளிநாட்டில் வேலை பார்க்கும் உறவினர்களும் தருவதாகச் சொல்கிறார்கள். வாங்கலாமா?
– குழுவின் பொருளாளர்

பதில்: உள்ளாட்சிப் பணிகளை எடுத்துச் செய்யும் ஒப்பந்ததாரரிடம் ஒரு ரூபாயும் வாங்காதீர்கள். நாளை அவர் போட்ட சாலையின் தரம் குறித்துத் தங்கள் குழுதான் கேள்வி கேட்க வேண்டியிருக்கும். இந்தியக் குடிமக்களாகவே இருக்கும் உறவினர்கள் தம் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பும் தொகை, வெளிநாட்டு நிதியாகக் கருதப்படுவதில்லை. வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டவர்கள் தருவது அவ்வாறு கருதப்படும், அதற்கான பதிவோ முன் அனுமதியோ இல்லாத குழு அதைப் பெறக் கூடாது. இந்த வேறுபாட்டைக் கேட்டுத் தெளிந்த பின்னரே வங்கிக் கணக்கு எண்ணைக் கொடுங்கள்.

வருபவர்கள் ஒவ்வொருவரும் சிறு தொகை செலுத்துவதே நல்லது. கட்ட இயலாதவர்களுக்கு அந்தந்த மாவட்டக் குழு கட்டட்டும்; யார் கட்டவில்லை என்பது எவருக்கும் தெரிய வேண்டியதில்லை. ஞாயிறு மதியம், எல்லாரும் புறப்படுமுன், வரவு செலவு முழுவதையும் அரங்கின் சுவரில் ஒட்டிவிடுங்கள். அரசிடம் கணக்குக் கேட்பவர்களின் கணக்கு இரண்டு நாள்கூடத் தாமதப்படக் கூடாது.

கேள்வி: நீலகிரியில் நடக்கும் கூட்டங்களில் எங்களைப் போன்றவர்களுக்கு வேலை, பாட்டும் ஆட்டமும்தான். இதிலும் அப்படித்தானா?
– பழங்குடி இளைஞர் ஒருவர், கூடலூர்

பதில்: தங்கள் கேள்வியை அமைப்பாளர்கள் முதலில் படிக்க வேண்டும். தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகிய ஆறு சமூகங்களும் வாழும் மாவட்டத்தில் கூடிவிட்டு, அவர்களை வரவேற்பு நடனத்துக்கு மட்டும் அழைப்பது அவமதிப்பாகும். 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் உரிமைக் கோரிக்கைகளைத் தொடங்கிவைக்கும் அதிகாரத்தைக் கிராம சபைக்கே கொடுத்திருக்கிறது. அந்த அதிகாரம் மலையில் எப்படிச் செயல்படுகிறது, எங்கே தடைபடுகிறது என்பதைச் சமவெளித் தன்னார்வலர்களுக்குச் சொல்லித்தரத் தகுதி உடையவர்கள் தாங்கள்தான். சனிக்கிழமையின் முதல் அமர்வே இதற்கு உரியதாக இருக்கட்டும்.

தோட்டத் தொழிலாளர்களுக்கு ஞாயிறுதான் ஓய்வு நாள் என்பதால், உள்ளூர் மக்கள் கலந்துகொள்ளும் அமர்வு ஞாயிறு காலையில் அமைய வேண்டும். கூடலூர், பந்தலூரிலிருந்து கோத்தகிரிக்குப் பேருந்தில் மூன்று மணி நேரத்துக்குக் குறையாது. ஆகவே அவர்களை முந்தைய இரவே வரவழைத்துத் தங்கவைக்க வேண்டும். பயணச் செலவோடு, வேலையை விட்டு வருபவர்களுக்கு இழந்த கூலியையும் கொடுங்கள்.

கேள்வி: குளிருக்கும் உணவுக்கும் என்ன ஏற்பாடு செய்வது?
– வாசகி, ஊட்டி

பதில்: கம்பளி, காதை மூடும் துணி, சொந்தத் தண்ணீர்க் குப்பி ஆகிய மூன்றையும் கொண்டுவரும்படி அழைப்பிதழிலேயே எழுதுங்கள். மாவட்டத்தில் பிளாஸ்டிக் தண்ணீர்ப் புட்டிகளுக்குத் தடை இருப்பது வெளியூர்க்காரர்கள் பலருக்குத் தெரியாது. சோதனைச் சாவடியில் தெரிந்துகொள்ளும்படி விடாதீர்கள். அரங்கில் எந்நேரமும் வெந்நீர் இருக்கட்டும். சமையலை உள்ளூர் மகளிர் சுயஉதவிக் குழுவிடம் ஒப்படைத்து, அவரைக்காயும் உருளைக்கிழங்கும் கேரட்டும் கொண்டு எளிமையாக முடித்துவிடலாம். பதாகைகள் துணியில் போதும். குழந்தையுடன் வரும் பெண்களுக்காக, அரங்கை ஒட்டி ஓர் அறையும் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆளும் அவசியம்.

கேள்வி: கூடுகையின் முடிவில் எத்தனை தீர்மானங்கள் நிறைவேற்றலாம்?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: ஒன்றே போதும். முப்பது தீர்மானங்களை வாசித்துக் கைதட்டிவிட்டுக் கலைவதால் எந்த ஊருக்கும் பயன் இல்லை. தங்கள் ஊராட்சியில் கடந்த ஓராண்டுக் கிராம சபைகளில் நிறைவேற்றப்பட்ட தீர்மானங்கள் எவை, ஒவ்வொன்றின் மீதும் எடுக்கப்பட்ட நடவடிக்கை என்ன என்ற ஒரே கேள்வியை, மாவட்டத்துக்கு நான்கு ஊராட்சிகளிலாவது, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்பது என்று முடிவெடுங்கள். ஞாயிறு காலையில் குழுக்களாக அமர்ந்து விண்ணப்பத்தை எழுதி, பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லையை ஒட்டி, கையெழுத்திட்டு எடுத்துச் செல்லட்டும். திங்கள்கிழமை ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் நேரில் கொடுத்து ஒப்புகை பெற்றுவிட்டால், சட்டம் விதிக்கும் 30 நாள்கள் மார்ச் 22க்கு முன்பே முடிந்துவிடும். பதில் வந்தவர்கள் அதை அன்றைய கிராம சபையில் வாசிக்கலாம். வராதவர்கள் 19(1) பிரிவின்படி அடுத்த 30 நாள்களுக்குள் முதல் மேல்முறையீடு செய்ய வேண்டும். அதற்கான மாதிரிப் படிவத்தையும் கோத்தகிரியிலேயே எல்லார் கையிலும் கொடுத்தனுப்புங்கள்.