பழஞ்சேலை, கிழிந்த வலை, கனடா சுவெட்டர்: தையல் ரீச்சரின் பதில்கள்

திருகோணமலையில் தையல் படிப்பிக்கிறேன். வீணாய்க் கிடக்கும் துணி, சாக்கு, வலை ஆகியவற்றில் கைவேலை செய்வது பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

ரீச்சர், அம்மாவின் பழைய பருத்திச் சேலைகள் நான்கு இருக்கின்றன. ஒரு கால்மிதிக்கு எத்தனை வேண்டும்? (உப்புவெளி)

சிறிய கால்மிதிக்கு ஒன்று போதும். ஆனால் முதலில் சேலையை மடிப்பு விழுந்த இடத்தில் இரண்டு கையாலும் பிடித்து இழுத்துப் பாருங்கள். சர்ரென்று கிழிந்தால் நூல் இற்றுவிட்டது. அது தலையணைக்குள் அடைக்கத்தான் உதவும்.

திடமாக இருந்தால் இரண்டு கரைகளையும் நீக்கிவிட்டு, ஒன்றரை அங்குல அகலத்தில் நீளவாக்கில் கிழியுங்கள். கத்தரிக்கோல் வேண்டாம். கிழித்தால்தான் பட்டி இழையோடு நேராக வரும். முனையில் அரை அங்குலம் விட்டு நிறுத்தி, அடுத்த கிழிப்பை எதிர்முனையிலிருந்து தொடங்கினால் முழுச்சேலையும் ஒரே நாடாவாகும். 45 அங்குல அகலமும் ஐந்தரை மீற்றர் நீளமும் உள்ள சேலையில் ஏறத்தாழ 150 மீற்றர் நாடா கிடைக்கும். அதை மூன்று புரியாகப் பின்னிச் சுருட்டிக்கொண்டே தைக்க வேண்டும்.

இந்தச் சுருட்டுவதில்தான் எல்லோரும் தவறுகிறார்கள். பின்னலை மடியில் வைத்து இழுத்துத் தைத்தால் ஓரம் சட்டிபோல் மேலெழும்பிவிடும். என் முதல் கால்மிதி அப்படித்தான் ஆனது. அம்மா அதில் வெங்காயம் போட்டு வைத்திருந்தார். மேசையில் தட்டையாக வைத்து, வளைவுகளில் வெளிப்பின்னலைச் சற்றுத் தளரவிட்டுத் தையுங்கள்.

சிவப்புச் சேலை சாயம் விடுகிறதே, உப்புத் தண்ணீரில் ஊற வைக்கலாமா? (தம்பலகாமம்)

பலரும் சொல்லும் யோசனைதான், நம்பாதீர்கள். தண்ணீர் தெளியும்வரை திரும்பத் திரும்ப அலசுங்கள். பிறகு ஈர வெள்ளைத் துணியால் தேய்த்துப் பாருங்கள். அப்போதும் நிறம் ஒட்டினால் அந்தச் சேலையை வேறு நிறங்களோடு சேர்க்க வேண்டாம்.

வீட்டில் கிழிந்த தங்கூசி வலை கிடக்கிறது. மரக்கறிப் பை செய்யலாமா? (மூதூர்)

தங்கூசி என்பது ஒற்றை இழை நைலோன், அது வேண்டாம், தங்கச்சி. வழுக்கும், முடிச்சு நிற்காது, கனமான பையைத் தூக்கினால் விரலை அறுக்கும். பல இழைகளை முறுக்கிய நைலோன் வலை இருந்தால் கொண்டுவாருங்கள். நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று நாள் ஊறவிட்டு, தண்ணீரை மாற்றி மாற்றி அலசினால்தான் மீன் வாடை போகும். வெட்டிய முனைகளை மெழுகுவர்த்திச் சுடரில் காட்டி உருக்கிவிட்டால் பிரியாது. உருகிய நைலோன் தோலில் பட்டால் ஒட்டிக்கொண்டு சுடும். வெட்டிய துணுக்குகளைக் கடற்கரையில் விட்டுவிடாதீர்கள்.

அரிசிப் பையில் தைத்த கூடை ஓரம் ஓரமாகப் பிரிகிறது. (கிண்ணியா)

ஓரத்தை இரண்டு தடவை மடித்து, அல்லது பழைய சாரத் துணியால் பட்டி வைத்துத் தையுங்கள். தையலை நீளமாக வையுங்கள். நெருக்கமாகத் தைத்தால் ஊசித்துளை வழியே தபால் முத்திரை கிழிவதுபோல் கிழியும். வெயிலில் போட்டு வைக்கவும் கூடாது. கொஞ்ச நாளில் பை பொடிப்பொடியாக உதிரும்.

கனடாவில் இருந்து மாமி அனுப்பிய சுவெட்டரைப் பிரித்து நூல் எடுக்கலாமா? (திருகோணமலை நகர்)

எடுக்கலாம். நமது வெயிலுக்கு அதை வேறு என்ன செய்வது! முதலில் உட்பக்க ஓரத் தையலைப் பாருங்கள். துணியை வெட்டி ஓவர்லொக் (வெட்டிய ஓரத்தைச் சுற்றி அடிக்கும் மெசின் தையல்) அடித்திருந்தால் ஒவ்வொரு வரியும் துண்டு துண்டாக வரும், விட்டுவிடுங்கள். ஓரம் வெட்டுப்படாமல் இருந்தால் தையலை அவிழ்த்து மேலிருந்து பிரிக்கலாம்.

என்ன நூல் என்று தெரியாவிட்டால் ஒரு துண்டை இடுக்கியில் பிடித்து எரியுங்கள். முடி கருகும் மணமும் நொறுங்கும் சாம்பலும் வந்தால் கம்பளி. உருகிக் கடினமான மணியாக இறுகினால் செயற்கை நூல், அதில் சூடான இஸ்திரிப்பெட்டியை வைக்காதீர்கள். பிரித்த நூல் சுருள் சுருளாக இருக்கும். கதிரை முதுகில் சுற்றி, நான்கு இடத்தில் கட்டி, கழற்றி இளஞ்சூட்டு நீரில் நனைத்து, அடியில் சிறு பாரம் தொங்கவிட்டுக் காய வைத்தால் நிமிரும்.

மெசினுக்குத் தேங்காய் எண்ணெய் விடலாமா? (நிலாவெளி)

கூடாது. பிசினாக இறுகி மெசினைப் பிடித்துவிடும். கடைகளில் கிடைக்கும் மெசின் எண்ணெய் இரண்டு சொட்டு போதும். கடலோர வீடென்றால் உப்புக்காற்றில் ஊசியும் துருப்பிடிக்கும், தைத்து முடிந்ததும் மூடி வையுங்கள்.