பகடை முதலில், கதை அப்புறம்

கற்பனைக் குதிரைகளை வளர்த்து, பாத்திரமேற்று எழுதி விளையாடும் குழு ஒன்றில் ஆறு சீசன்களாகப் பந்தய லீக் நடத்துகிறேன். ஆளுக்கொரு லாயம், நாலைந்து குதிரைகள், ஒரு ஜாக்கி. எல்லாமே எழுத்தில்தான் உயிர் வாழ்கின்றன. இப்படியொரு லீக்கைப் புதிதாகத் தொடங்கியிருக்கும் வாசகர்கள் கேட்ட சில கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கே: எங்கள் லீக்கில் ஒரே குதிரை வரிசையாக ஒன்பது பந்தயம் ஜெயித்துவிட்டது. மற்றவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொள்கிறார்கள். அந்தக் குதிரையைத் தடை செய்யலாமா?

ப: வேண்டாம். குதிரைமேல் தப்பில்லை, கணக்கில்தான் தப்பு. என் முதல் சீசனில் நானும் இதே தப்பைச் செய்தேன். பந்தயத்தைப் புறப்பாடு, நடுவழி, வளைவு, கடைசி நேர்பாதை என்று நாலு கட்டமாகப் பிரித்து, கட்டத்துக்கு மூன்று பகடை உருட்டி, வந்த தொகையோடு குதிரையின் திறன் புள்ளியைக் கூட்டுவோம். அந்தப் புள்ளியை அவரவர் இஷ்டத்துக்கு ஏற்றிக்கொள்ள விட்டிருந்தேன். ஒரு குதிரைக்கு 15, மற்றவற்றுக்கு 8. கட்டத்துக்கு 7 என்றால் நாலு கட்டத்தில் 28 புள்ளி. மூன்று பகடையின் கூட்டுத்தொகை பெரும்பாலும் 10, 11-ஐ ஒட்டியே விழும். 18 விழுவது 216-ல் ஒரு முறை. பிறகு 28-ஐ யார் எட்டிப் பிடிப்பது? புறப்பாட்டுக் கதவு திறக்கும் முன்பே பந்தயம் முடிந்துவிட்டது.

இப்போது எந்த இரண்டு குதிரைகளுக்கு நடுவிலும் கட்டத்துக்கு 2 புள்ளிக்கு மேல் வித்தியாசம் கூடாது என்று வைத்திருக்கிறோம். வலுவான குதிரைதான் இப்போதும் அதிகம் ஜெயிக்கிறது. ஆனால் இரண்டு குதிரைகள் நேருக்கு நேர் ஓடினால், ஏறக்குறைய ஆறில் ஒரு முறை மெலிந்தது முந்திவிடும். அந்த ஒரு முறைக்காகத்தான் எல்லோரும் விடாமல் வருகிறார்கள்.

அப்புறம் ஹேண்டிகேப். நிஜத்தில் ஹேண்டிகேப் என்று நடத்தும் பந்தயங்களில் நன்றாக ஓடும் குதிரை கூடுதல் எடை சுமக்க வேண்டும். ஜாக்கியின் எடை போதாவிட்டால் சேணத்தின் அடியில் போடும் துணிப் பைகளில் ஈயத் தகடு செருகுவார்கள். நாங்கள் இதைப் புள்ளியாக மாற்றிக்கொண்டோம். ஜெயித்த குதிரைக்கு அடுத்த பந்தயத்தின் கடைசிக் கட்டத்தில் மட்டும் ஒரு புள்ளி கழிவு. மூன்று வரை ஏறும். தொடர்ந்து இரண்டு முறை தோற்றால் ஒன்று இறங்கும். கடைசிக் கட்டத்தை ஏன் பிடித்தோம் என்றால், சுமையின் களைப்பு அங்கேதான் தெரியும். எழுதுகிறவருக்கும் அங்கேதான் நல்ல காட்சி கிடைக்கிறது.

ஒன்று மட்டும் கவனியுங்கள். இதை நடு சீசனில் நுழைக்காதீர்கள். ஒன்பது ஜெயித்தவர் தன்னைக் குறிவைத்துவிட்டதாக வருந்துவார், அவர் வருந்துவதில் நியாயமும் இருக்கும். அடுத்த சீசன் தொடங்கும் முன்பே எல்லோரும் படிக்கும்படி எழுதி வையுங்கள்.

கே: யார் ஜெயிப்பது என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டால் கதை இன்னும் நன்றாக வருமே?

ப: நானும் அப்படித்தான் நினைத்தேன். பேசி வைத்த பந்தயங்களில் தோற்றவர்கள் இரண்டே வரி எழுதிவிட்டுப் போனார்கள். பகடைக்கு மாறியபின் ஒரு பந்தயத்தில் செவ்வந்தி என்ற பெண் குதிரை ஆறாவதாக வந்தது. முதல் கட்டத்தில் அதற்கு விழுந்தது 1, 1, 2. அதன் உரிமையாளர் அந்த நாலை வைத்துக்கொண்டு ஒரு பக்கம் எழுதினார்: கதவு திறந்த சத்தத்தில் குதிரை மிரண்டு தலையைத் தூக்குகிறது, ஜாக்கியின் இடது கால் அங்கவடியிலிருந்து நழுவுகிறது, முன்னால் போன குதிரைகள் கிளப்பிய மண் அவன் கண்ணாடியில் அப்பிக்கொள்கிறது. ஜெயித்த குதிரையின் கதை எனக்கு மறந்துவிட்டது. இது மறக்கவில்லை. ஆகவே எங்கள் விதி: பகடை முதலில், கதை அப்புறம்.

கே: லீக் நடத்துகிறவர் தன் குதிரையை ஓட விடலாமா?

ப: விடலாம். அந்தப் பந்தயத்தில் பகடையை இன்னொருவர் உருட்டட்டும்.

கே: ஒருவர் தன் கதையில் என் குதிரையின் காலை உடைத்துவிட்டார். புகார் செய்தால் சின்ன விஷயம் என்கிறார்கள்.

ப: சின்ன விஷயமே இல்லை. மாதக்கணக்கில் நீங்கள் வளர்த்த உயிர் அது. காயம், நோய், சாவு மூன்றையும் உரிமையாளர் மட்டுமே எழுத வேண்டும். மற்றவர் அதிகபட்சம் உரசிக்கொண்டு போகலாம், வழி மறிக்கலாம். மீறி எழுதியது செல்லாது என்று அறிவித்துவிடுங்கள், விவாதமே தேவையில்லை.

கே: பெயருக்குக் கட்டுப்பாடு வேண்டுமா?

ப: நிஜப் பந்தயக் குதிரையின் பெயர் ஆங்கிலத்தில் இடைவெளியோடு சேர்த்து 18 எழுத்துக்குள் இருக்க வேண்டும். நாங்களும் 18-தான். தமிழில் எண்ணும்போது உயிர்மெய்யை ஒரே எழுத்தாகக் கொள்கிறோம், ‘கொ’ ஒன்று. இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். எங்கள் குழுவில் இதற்கே ஒரு வாரம் போனது.

கே: குதிரைகளுக்கு வயது ஏற வேண்டுமா? பலர் தங்கள் குதிரையை விட்டுக்கொடுக்க மறுக்கிறார்கள்.

ப: ஏற வேண்டும். வட அரைக்கோளத்தில் தரோபிரெட் என்ற பந்தய இனக் குதிரைகள் எல்லாவற்றுக்கும் ஜனவரி 1-ல் ஒரு வயது கூடும், ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் ஆகஸ்ட் 1-ல். எங்களுக்குச் சீசனின் முதல் நாள். 1780-ல் தொடங்கிய இங்கிலாந்தின் எப்சம் டெர்பி பந்தயத்தில் மூன்று வயதுக் குதிரைகள் மட்டுமே ஓடுகின்றன. ஒரு குதிரைக்கு வாழ்நாளில் ஒரே வாய்ப்பு. எங்கள் பெரிய பந்தயத்துக்கும் அதே விதி வைத்தபிறகுதான் அதற்கு ஒரு மதிப்பு வந்தது.

ஆறு வயதோடு ஓய்வு. முதல் சீசனில் இரண்டு வயதாக இறங்கிய என் கார்முகில் ஐந்தாவது சீசனோடு நின்றது. கடைசிப் பந்தயத்தில் நான்காவது இடம். அதை எழுதி முடிக்க எனக்கு நாலு நாள் ஆனது, நடுவில் இரண்டு முறை அழுதேன். இப்போது அது சினையாக இருக்கிறது. நிஜக் குதிரைக்குப் போலவே ஏறக்குறைய 11 மாதம் என்பதால் இந்தச் சீசன் முழுக்க லாயத்தில்தான். குட்டி வரும் சீசனில் பிறக்கும், ஓடுவதற்கு அதன்பின் இரண்டு சீசன் ஆகும். பெயர் மட்டும் முடிவாகிவிட்டது: தூறல். மூன்றே எழுத்து.