ஒட்டும் மருந்து இருக்கட்டும், ஜல்லியைக் கழுவினார்களா?

கேள்வி: எங்கள் குடியிருப்பின் உள்சாலையில் எமல்ஷன் (நுண்துளிகளாகத் தண்ணீரில் கலந்த தார்) தெளித்து, ஜல்லி தூவி உருட்டினார்கள். முதல் மழைக்கே ஜல்லி பெயர்ந்துவிட்டது. "தாரைக் கல்லோடு பிடிக்கவைக்கும் ஒட்டும் மருந்து இரட்டிப்பாகக் கலந்து மறுபடி போடலாம்" என்று ஒப்பந்தக்காரர் தனியாகப் பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். பெயர்ந்த ஜல்லியை எடுத்து விரலால் தேய்த்துப் பாருங்கள். மாவு போல் பொடி ஒட்டினால் விஷயம் முடிந்தது, குற்றவாளி அந்தப் பொடிதான்.

கருங்கல்லில் சிலிக்கா அதிகம். ஈரம் பட்டால் அதன் மேற்பரப்பு எதிர்மின்னேற்றம் கொள்ளும். எமல்ஷனில் தார்த்துளிகளைச் சுற்றியிருக்கும் மருந்துக்குத் தலை நேர்மின்னேற்றம், வால் எண்ணெய்ப்பசை. தலை கல்லைப் பற்றும், வால் வெளியே நீட்டும், தார் அந்த வாலில் ஒட்டும். அவ்வளவுதான்.

பொடியும் அதே கல்தான். ஆனால் ஒரு கிலோ பொடியின் மேற்பரப்பு ஒரு கிலோ ஜல்லியைப் போல நூறு மடங்குக்கும் மேல். மருந்தை அதுவே குடித்துவிடும். மருந்தை இரட்டிப்பாக்கினால்? கல்லில் ஓர் அடுக்கு நிரம்பியதும், மிச்சம் வாலோடு வால் சேர்ந்து தலைகீழாகப் படியும். வெளியே பார்க்கும் தலைக்குப் பிடித்தது தண்ணீர். மழைக்குப் பாய் விரித்த மாதிரி!

சுண்ணாம்புக்கல் ஜல்லி என்றால் கதை வேறு. அதன் மின்னேற்றம் பெரும்பாலும் கருங்கல்லுக்கு நேர்மாறானது, அந்தக் கணக்குப்படி மருந்து ஒட்டாமல் போகவேண்டும். ஆனால் எமல்ஷனில் உள்ள அமிலம் சுண்ணாம்போடு வினைபுரிவதால், அதிலும் ஓரளவு ஒட்டிவிடும். கல்லைப் பொடித்து எலுமிச்சைச் சாறு விடுங்கள், நுரைத்தால் சுண்ணாம்பு. ஆனால் அரியலூர்ப் பக்கம் கிடைப்பதெல்லாம் பெரும்பாலும் சிமெண்டுக்குத்தான் போகிறது, உங்கள் தெருவுக்கு வந்திருக்காது.

சோதனைச் சான்றிதழைக் காட்டுவார்கள். தார் பூசிய ஜல்லியை 40 டிகிரி நீரில் 24 மணி நேரம் ஊறவைத்தபின் 95 சதவீதப் பூச்சு நிற்கவேண்டும் என்பது விதி. விதி நல்லதுதான். சோதனைக்கூடத்துக்குச் சுத்தமான ஜல்லி போகிறது, தெருவுக்கு கிரஷர் தூசியோடு வருகிறது. கையெழுத்துப் போடுகிறவர் லாரியைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை. எமல்ஷன் டிரம்மில் தண்ணீர் கலக்கும் இடைத்தரகர்கள் வேறு. ஜல்லி தூவும் வேலைக்கான ஆர்.எஸ்-2 வகையில் குறைந்தது 67 சதவீதம் தார் இருக்கவேண்டும், சீல் உடையாத டிரம்மையே வாங்குங்கள்.

அப்புறம், ஜல்லியை உங்கள் கண்முன் கழுவச் சொல்லுங்கள். சொட்டாத ஈரம் இருந்தால் பரவாயில்லை. எமல்ஷன் பழுப்பாக இருக்கும்போதே தூவவேண்டும். கறுத்த பிறகு ஜல்லியோடு வந்தால் திருப்பி அனுப்புங்கள்.