நாள்பட்ட நோய்களைக் கட்டுப்படுத்த ஒன்றிய அரசு போடும் திட்டங்கள் மலைக் கிராமங்கள் வரை வருகின்றனவா?

வருகின்றன. நான் நீலகிரியில் கூடலூர்ப் பக்கம் பழங்குடிக் கிராமங்களில் சுகாதாரப் பணி செய்கிறேன். பிரஷர், சுகர், புற்றுநோய்க்கான தேசியத் திட்டம் 2010இல் தொடங்கியது. 30 வயது தாண்டியவர்களுக்கான பரிசோதனை இங்கேயும் நடக்கிறது. அதை எழுதப் பலர் இருக்கிறார்கள், நான் சிக்கிள் செல் ரத்தசோகையைச் சொல்கிறேன். ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள் மாதிரி வளைந்து கடும் வலி தரும் பரம்பரை நோய் அது.

இந்தியாவில் இந்தக் குறைபாடு முதலில் கண்டறியப்பட்டதே நீலகிரிப் பழங்குடியினரிடம்தான், 1952இல். இதற்கென்று தேசிய அளவில் ஓர் இயக்கம் வர 2023 ஜூலை ஆகிவிட்டது. எத்தனை பிள்ளைகள் காரணம் தெரியாமலே வலியில் துடித்திருப்பார்கள்! 40 வயது வரையுள்ள 7 கோடிப் பேரைப் பரிசோதிப்பது, 2047க்குள் நோயை ஒழிப்பது என்பது இலக்கு.

முதல் பரிசோதனை சுலபம். விரல் நுனியில் குத்தி எடுத்த துளி ரத்தத்தைக் கரைசல் உள்ள சின்னக் குழாயில் விடுவோம். கொஞ்ச நேரம் கழித்துக் குழாய்க்குப் பின்னால் கோடு போட்ட அட்டையைப் பிடிப்போம். கோடு தெரிந்தால் பயமில்லை. கலங்கி மறைந்தால் சிக்கிள் இருக்கிறது. ஆனால் நோயே இருக்கிறதா, பிள்ளைகளுக்குக் கடத்தும் கூறு மட்டுமா என்று இதில் தெரியாது. அதற்கு ரத்தம் ஆய்வகம் போக வேண்டும். ஆட்கள் விட்டுப்போவது இங்கேதான். முடிவு வரும்போது குடும்பமே மிளகு பறிக்க வயநாட்டுக்குப் போயிருக்கும்.

நோய் உறுதியானவர்களுக்கு வலி வருவதைக் குறைக்கும் ஹைட்ராக்ஸியூரியா மாத்திரை தினமும் வேண்டும், இடையிடையே ரத்த அணுக்களின் எண்ணிக்கையும் பார்க்க வேண்டும். மாத்திரை இலவசம்தான். ஆனால் ஆஸ்பத்திரி போய்வர ஒரு நாள் கூலி போகுமே? வலி இல்லாத மாதத்தில் யார் போவார்கள்? அப்புறம் குளிர் ஏறியதும், "கை காலெல்லாம் முறிக்குதக்கா" என்று வந்து நிற்பார்கள்.

கல்யாணப் பேச்சு இன்னும் சிக்கலானது. கணவன், மனைவி இருவருக்குமே கடத்தும் கூறு இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வர நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. இதைச் சொன்னால் பெண்ணுக்கு மாப்பிள்ளை கிடைக்காது என்று மறைக்கிறார்கள். வெளியாள் கையில் பரிசோதனை முடிவு அட்டையைக் கொடுத்து அனுப்பினால் இது தீராது. இங்குள்ள பழங்குடிகளில் ஒருவரான பணியர் வீட்டில் பணியப் பெண்ணே உட்கார்ந்து அவர்கள் மொழியில் பேசினால் கேட்கிறார்கள், கண்ணால் பார்த்திருக்கிறேன். திட்டத்துக்கு ஒதுக்கும் பணத்தில் முதலில் அப்படிப்பட்ட பெண்களுக்கு நிரந்தரச் சம்பளம் கொடுங்கள் என்பேன். பரிசோதனை எண்ணிக்கை அதற்கு அப்புறம்தான்.