கட்டட வேலையின் வாரத் திட்டம் வியாழக்கிழமைக்குள் உடைவது பற்றி

பூச்சு ஆட்கள் வந்து நிற்கிறார்கள், சுவருக்குள் போக வேண்டிய எலக்ட்ரிக்கல் பைப் இன்னும் பதிக்கவில்லை, லீன் (வீண் வேலையையும் காத்திருப்பையும் குறைக்கும் முறை) என்று சொல்லி, வேலைகளை எழுதிய சீட்டுகளைச் சுவரெல்லாம் ஒட்டியும் ஒன்றும் மாறவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சீட்டுகளை எழுதியது யார்? நீங்களே ஆபீஸில் உட்கார்ந்து எழுதியிருந்தால் அது மேலிருந்து போடும் பழைய பார் சார்ட் அட்டவணைதான்.

கிளென் பேலார்டும் கிரெக் ஹோவெலும் 1990களில் உருவாக்கிய லாஸ்ட் பிளானர் என்ற லீன் திட்டமிடல் முறையின் உயிரே, வேலையை நேரில் நடத்தும் மேஸ்திரி தன் வாயால் 'இதை இந்த நாளில் முடித்துத் தருகிறேன்' என்று சொல்வதில்தான் இருக்கிறது. 'முடியாது' என்று சொல்லவும் அவருக்கு உரிமை வேண்டும், இல்லாவிட்டால் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார், வியாழக்கிழமை நீங்கள்தான் மாட்டிக்கொள்வீர்கள்.

அப்புறம், ஆறு வாரம் முன்னோக்கிப் பாருங்கள். வரப்போகும் ஒவ்வொரு வேலைக்கும் வரைபடம், பொருள், ஆள், முந்தைய வேலை, இடம் எல்லாம் தயாரா என்று கேட்டு, தடை நீங்காத எதையும் வாரத் திட்டத்தில் சேர்க்காதீர்கள். எங்கள் சைட்டில் ஒருமுறை ஸ்விட்ச் பாக்ஸ் எந்த உயரத்தில் என்று முடிவாகாததால் பூச்சு நாலு நாள் நின்றது. யார் கேட்க வேண்டும் என்று யாருக்கும் தெரியவில்லை. இப்போது ஒவ்வொரு தடைக்கு எதிரிலும் ஒரு பெயரும் தேதியும் எழுதுகிறோம்.

வார இறுதியில் எண்ணுங்கள்: 20 வேலை சொல்லி 11 முடிந்தால் 55 சதவீதம். முக்கால்வாசி முடிந்ததற்கு மதிப்பெண் கிடையாது. இந்த எண்ணை வைத்துத் தயவுசெய்து யாரையும் திட்டாதீர்கள், திட்டினால் அடுத்த வாரம் சுலபமான வேலையை மட்டும் சொல்வார்கள். முடியாத ஒன்பதுக்கும் காரணம் எழுதி, நாலு வாரம் கழித்து இங்கே போடுங்கள், எது திரும்பத் திரும்ப வருகிறது என்று சேர்ந்து பார்க்கலாம்.