பக்கவாதம் வந்து வீடு திரும்பியவரின் மாத்திரைகளையும் சிக்கல்களையும் எப்படிச் சமாளிப்பது?

அப்பாவுக்கு மூளைக்குப் போகும் ரத்தக் குழாயில் அடைப்பு ஏற்பட்டு வலப்பக்கம் விழுந்துவிட்டது. மருத்துவமனையில் இருந்தவரை எல்லாவற்றையும் செவிலியர்கள் பார்த்துக்கொண்டார்கள். வீட்டுக்கு வந்த முதல் வாரத்தில்தான் எங்களுக்கு விழி பிதுங்கியது. நான் மருத்துவர் அல்ல. பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

நீங்கள் மாத்திரைகளைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அதற்கு முன்னால் விழுங்குவதைக் கவனியுங்கள். நான்காம் நாள் இரவு அப்பாவுக்குப் பல் துலக்கிவிடும்போது வலது கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் வெள்ளையாக ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. விரலால் வழித்தெடுத்தேன். சற்று முன்பு அம்மா கொடுத்த மாத்திரை, பாதி கரைந்து மாவாகக் கிடந்தது. அந்தப் பக்கம் உணர்ச்சி இல்லாததால் அது அங்கே இருப்பதே அவருக்குத் தெரியவில்லை. நாங்களோ நோட்டில் 'கொடுத்தாயிற்று' என்று குறித்துவிட்டோம்! அதற்கு முந்தைய மூன்று நாட்களில் எத்தனை மாத்திரை உண்மையாகவே வயிற்றுக்குள் போனதோ, யாருக்குத் தெரியும்? அன்றிலிருந்து வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்த பிறகுதான் நோட்டில் குறிப்போம்.

தண்ணீர் குடிக்கும்போது புரையேறினாலோ, குடித்த பின் குரல் சளி கட்டியதுபோல் ஈரமாக ஒலித்தாலோ, அது நுரையீரல் பக்கம் இறங்குகிறது என்று சந்தேகப்படுங்கள். சிலருக்கு இருமலே வராது. காய்ச்சலும் நிமோனியாவும் வந்த பிறகுதான் தெரியும். விழுங்கும் திறனைச் சோதிக்கத் தெரிந்த பேச்சுப் பயிற்சியாளர் ஒருவர் அப்பாவைப் பார்த்துவிட்டு, தண்ணீரைக் கெட்டியாக்கிக் கொடுக்கச் சொன்னார். நிமிர்ந்து உட்காரவைத்துத்தான் எதையும் கொடுக்க வேண்டும், அதன் பிறகு அரை மணி நேரம் படுக்கவிடக் கூடாது. விழுங்கச் சிரமம் என்பதற்காக எல்லா மாத்திரையையும் பொடித்துவிடாதீர்கள். மெதுவாகக் கரைவதற்கென்று செய்யப்பட்டவற்றை நசுக்கினால் மொத்த மருந்தும் ஒரேயடியாக உடம்பில் ஏறும். எதைப் பொடிக்கலாம் என்று மருந்தாளுநரிடம் கேட்டு மருந்துச் சீட்டிலேயே எழுதி வாங்குங்கள்.

இனி சீட்டு. எங்கள் தவறு அதில்தான் நடந்தது. ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் சேர்த்து 21 நாட்கள், அதன் பிறகு ஒன்று மட்டும் என்று அதில் எழுதியிருந்தது. அந்த வரியை நாங்கள் கவனிக்கவே இல்லை. ஐந்தாவது வாரம் அப்பாவின் ஈறில் ரத்தம் கசிந்து, தொட்ட இடமெல்லாம் நீலம் பாய்ந்த பிறகுதான் சீட்டைத் தேடி எடுத்துப் படித்தோம். எல்லோருக்கும் இதே கணக்கு இல்லை. இதயத் துடிப்பு ஒழுங்கற்றிருப்பவர்களுக்கு வேறு வகை மருந்து. மூளையில் ரத்தக் கசிவால் பக்கவாதம் வந்தவர்களுக்கு இந்த மாத்திரைகளே ஆபத்தாகலாம். ஆகவே தெரிந்தவர் வீட்டுச் சீட்டைப் பார்த்து எதையும் செய்யாதீர்கள். ஒவ்வொரு மாத்திரைக்கும் எதற்காக, எதுவரை என்ற இரண்டு கேள்விகளையும் கேட்டுவிட்டு வாருங்கள்.

கொழுப்பு மாத்திரைக்காக வீட்டில் ஒரு சண்டையே நடந்தது. எல்டிஎல் என்ற கெட்ட கொழுப்பு 70க்குக் கீழே வந்துவிட்டதால் அதை நிறுத்திவிடலாம் என்றான் அண்ணன். அந்த எண் இறங்கியதே மாத்திரையால்தான் என்று மருத்துவர் வாயால் சொல்லவைக்க வேண்டியிருந்தது. ரத்த அழுத்த மாத்திரைக்கும் இதே கதைதான். 130/80க்குக் கீழே வைத்திருக்கச் சொன்னார்கள். அங்கே வந்தவுடன் விட்டுவிட்டால் மறுபடி ஏறிவிடும். ஒரு வேளை மறந்துபோனால் அடுத்த வேளையில் இரண்டாகச் சேர்த்துக் கொடுக்காதீர்கள்.

தோள் வலியையும் நாங்களே வரவழைத்தோம். அப்பாவைத் தூக்கி உட்காரவைக்கும்போது செயலிழந்த கையைப் பிடித்து இழுத்தோம். தசை பிடிமானம் இல்லாத தோள்மூட்டு அப்படி இழுத்தால் நழுவும். அக்குளில் கைகொடுத்துத் தூக்குவதும் கூடாது. இடுப்பை, முதுகுப்புறத்தைத் தாங்கித் தூக்கப் பிசியோதெரபிஸ்டிடம் கற்றுக்கொள்ளுங்கள். வலிக்கிறது என்றதும் உறவினர் ஒருவர் டைக்ளோஃபினாக் நீட்டினார். ஆஸ்பிரின் எடுப்பவருக்கு அது வயிற்றில் ரத்தக் கசிவை உண்டாக்கலாம். வலி மாத்திரையையும் கேட்காமல் கொடுக்காதீர்கள்.

படுக்கையிலேயே இருப்பவரானால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைத்தால் படுக்கைப் புண்ணைத் தடுக்கலாம். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் அன்றே காட்டுங்கள்; உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம். காரணமில்லாமல் அழுகிறார், எதிலும் நாட்டமில்லை என்றால் "பிடிவாதம்" என்று அதட்டாதீர்கள். பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது, அதற்கும் சிகிச்சை உண்டு. அப்பா பயிற்சிக்கு ஒத்துழைக்காமல் இருந்ததற்கு அதுதான் காரணம் என்பது எங்களுக்கு இரண்டு மாதம் கழித்துத்தான் புரிந்தது.

மறுபடி வாய் கோணினாலோ, கை சரிந்தாலோ, பேச்சு குழறினாலோ ஆம்புலன்ஸை அழைத்துவிட்டு, கடைசியாக நன்றாக இருந்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக 4.5 மணி நேரத்துக்குள் போட வேண்டும் என்பதால் அந்த நேரத்தைத்தான் முதலில் கேட்பார்கள். பதற்றத்தில் ஓர் ஆஸ்பிரினை எடுத்து வாயில் போட்டுவிடாதீர்கள். இந்த முறை அடைப்பா கசிவா என்பது ஸ்கேன் எடுக்கும்வரை யாருக்கும் தெரியாது.